எந்த நிலையில் நிற்பது? குங்ஃபூ தொடங்குவோருக்கு ஒரு தேர்வு

குங்ஃபூ கற்கச் சேரும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு முடிவு காத்திருக்கிறது. பெரும்பாலோர் அதை ஒரு முடிவாகவே உணர்வதில்லை. மாஸ்டர் "நில்" என்கிறார், மாணவர் நிற்கிறார். எந்த நிலையில், எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு நேரம், எதற்காக என்பதெல்லாம் அந்தப் பள்ளி எந்த மரபைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத் தானாகவே முடிவாகிவிடுகிறது. ஹுங் கா பள்ளியில் சேர்ந்தவர், தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கிக் குதிரை நிலையில் நிற்பார். விங் சுன் பள்ளியில் சேர்ந்தவர், கால்விரல்களையும் முழங்கால்களையும் உள்நோக்கித் திருப்பிய குறுகிய நிலையில் நிற்பார். ஷிங்யி கற்பவர் ஒரு காலை முன்வைத்து, எடையில் பெரும்பகுதியைப் பின்காலில் தாங்கி நிற்பார். நவீன ஊஷு கூடத்தில் ஐந்து நிலைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வார்கள். ஜிம்முக்குப் போய்ப் பழகிய நண்பரோ, "இதெல்லாம் எதற்கு, ஸ்குவாட் செய்தால் போதாதா?" என்று கேட்பார்.

தினமும் அரைமணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிற ஒருவர் அந்த நேரத்தை இவற்றில் எதற்குக் கொடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைப் பயிற்சியை விட்டுவிட்டுக் குங்ஃபூ கற்க முடியாது. ஆனால் எல்லா நிலைகளும் எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. எத்தனை நிமிடம் தாங்கினோம் என்று கணக்குப் பார்ப்பதைவிட, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு விரைவாக, உடல் சிதறாமல், அடுத்த அசைவுக்குப் போக முடிகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். அப்படி அளந்தால், வயது வந்த புதியவர்களில் பெரும்பாலோருக்கு, ஒரு காலை முன்வைத்து நிற்பதாக மேலே சொன்ன ஷிங்யி நிலையே, அதாவது சான்டியே, முதலிடம் பெறும். மற்றவற்றை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன், எப்போது அவற்றை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் விளக்குகிறேன்.

நிற்பதால் என்ன கிடைக்கிறது

குத்து தோளில் பிறப்பதில்லை. பாதம் தரையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் எனக் கடந்து கைமுட்டிக்கு வந்து சேர்கிறது. வழியில் ஏதாவது ஒரு மூட்டு தளர்ந்தால் அந்த இடத்தில் விசை கசிந்துவிடும். முழங்கால் உள்ளே சாய்வது, பின்குதிகால் எழும்புவது, இடுப்பு ஒருபக்கம் வழுக்குவது எல்லாம் அப்படிப்பட்ட கசிவுகள்தான். திரும்பி வரும் வழியும் இதுவே. எதிராளி மீது குத்து விழுந்ததும், கொடுத்த விசை நம் உடலுக்குள் திரும்புகிறது. அதைத் தரைக்கு இறக்கத் தெரியாதவர் தன் குத்தாலேயே பின்னால் தள்ளப்படுகிறார். நிலைப் பயிற்சி இந்த மூட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறது. கால் வலிமை அதோடு கூடவே வந்து சேர்கிறது.

மிங் காலத்துத் தளபதி ச்சீ ஜிகுவாங், 16ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்கரையைச் சூறையாடிய கடற்கொள்ளையர்களை எதிர்த்துப் போரிட்டவர். படைவீரர்களுக்காக அவர் எழுதிய பயிற்சி நூலில் வெறுங்கைப் போர் பற்றிய பகுதி ஒன்று உண்டு. கால்கள் இலேசாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்று அதில் அவர் கேட்கிறார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதுதான் முக்கியம். உறுதி மட்டும் உள்ள கால் நட்ட இடத்தில் நட்டபடியே அடி வாங்கும். இலேசு மட்டும் உள்ள கால் முதல் மோதலிலேயே பறந்துவிடும். கீழே ஒவ்வொரு பயிற்சியையும் இந்த இரண்டையும் வைத்தே பார்க்கிறேன்.

ஹெனான் மாகாணத்தில் தெங்ஃபெங் அருகே உள்ள ஷாவ்லின் கோயிலின் ஆயிரம் புத்தர் மண்டபத் தரையில் 48 குழிகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் துறவிகள் காலை ஊன்றிப் பழகியதால் உண்டானவை என்பது கோயில் மரபு. அசையாமல் நிற்பதன் பெருமைக்கு இந்தக் குழிகளைச் சாட்சியாகக் காட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் எத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்றாலும் செங்கல் தரை குழியாது. காலை ஓங்கி, ஒரு நிலைக்குள் வந்து இறங்கும்போதுதான் தரை அடி வாங்கும். ஆகவே அந்தத் தரை எதற்காவது சாட்சி என்றால், நிலைக்குள் வந்து சேர்வதற்கும் அதிலிருந்து வெளியேறுவதற்கும்தான்.

குதிரை நிலை

முதலில் வருவது மாபு, அதாவது குதிரை நிலை. குங்ஃபூ என்றதும் எல்லோர் மனத்திலும் தோன்றும் படம் இதுதான். குவாங்டொங் மாகாணத்தின் ஹுங் கா மரபில் இதுவே அடித்தளம். வோங் ஃபெய் ஹுங், அவருடைய மாணவர் லாம் சாய் விங் ஆகியோர் வழியாக உலகெங்கும் பரவிய மரபு அது. கைகால்களை நீட்டி அடிக்கும் வட சீன நீள்குத்து முறைகளிலும், நெருங்கி மோதும் பாஜி முறையிலும் இந்த நிலைக்கு முக்கிய இடம் உண்டு. நவீன நீள்குத்துப் பாடத்தில் இரு பாதங்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ மூன்று பாத நீளம், கால்விரல்கள் நேர் முன்னோக்கி, தொடை கிட்டத்தட்டத் தரைக்கு இணை, எடை இரு கால்களிலும் சரிபாதி. ஹுங் கா பள்ளிகளில் அகலத்தைக் கண்ணால் அளப்பதில்லை. பாதங்களைச் சேர்த்து நின்று, முதலில் விரல்களை வெளியே திருப்பி, பிறகு குதிகால்களை, மறுபடி விரல்களை என நகர்த்தி, கடைசியில் பாதங்களை நேராக்குவார்கள். அவரவர் பாதமே அவரவர் அகலத்தைத் தீர்மானிக்கிறது. நல்ல ஏற்பாடு.

இந்த நிலையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். முதல் அரை நிமிடம் எளிது. பிறகு தொடையின் முன்பக்கம் சூடேறும். அடுத்து நடப்பது கவனிக்காவிட்டால் தெரியாது. எடை மெல்லப் பாதத்தின் உள்விளிம்புக்கு நழுவும், முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி அரை அங்குலம் சாயும். மூச்சு வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறும், அதோடு தோள்களும் காதை நோக்கி உயரும். கடைசியாக மார்பு முன்னே குனிந்து பின்பக்கம் வெளியே தள்ளும். அந்தக் கணத்தில் தொடை தாங்கிக்கொண்டிருந்த எடையைக் கீழ்முதுகு வாங்கிக்கொள்கிறது. வலி குறைந்ததுபோல் தோன்றும், மாணவரும் "பழகிவிட்டது" என்று மகிழ்வார். உண்மையில் நிலை அங்கேயே முடிந்துவிட்டது, ஓடுவது கடிகாரம் மட்டும்தான். அதற்குமேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தவறான உடலமைப்பை ஆழமாகப் பதிய வைக்கிறது. அந்த இடத்தில் நிமிர்ந்து, காலை உதறி, மறுபடி சரியாக இறங்குவதே பயிற்சி.

நம் ஊரில் பரதநாட்டியம் கற்றவர்கள் குதிரை நிலைக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அரைமண்டியில் பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், முழங்கால்களும் அதே திசையில் விரியும். குதிரை நிலையில் பாதங்கள் முன்னோக்கி நிற்கின்றன. பாதத்தை முன்னோக்கி வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் அரைமண்டிபோல் விரித்தால் முழங்கால் மூட்டு முறுக்கேறும். இரண்டிலும் விதி ஒன்றே: இரண்டாம் கால்விரல் காட்டும் திசையில்தான் முழங்கால் போக வேண்டும்.

குதிரை நிலையின் வரவு பெரியது. தொடை, உள்தொடை, இடுப்பு மூன்றும் ஒருசேர உறுதியாகின்றன. இரு பக்கங்களும் சமமாக வேலை செய்வதால் ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் உடனே தெரியும். தாழ்ந்த கோணத்தில் பழகுவதால், குனியவோ திடீரென இறங்கவோ வேண்டிய கணங்களில் கால் கைவிடாது. இளமையில் தொடங்குபவருக்கு இதற்கு இணை இல்லை என்றே சொல்வேன்.

செலவையும் சொல்ல வேண்டும். அசையாமல் ஒரே கோணத்தில் தசையை இறுக்கிப் பெறும் வலிமை, பெரும்பாலும் அந்தக் கோணத்தையும் அதற்கு அக்கம்பக்கத்தையும் சார்ந்தே வளர்கிறது என்பது உடற்பயிற்சி அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நிற்க முடிந்தபின் வளர்வது பெரும்பாலும் தாங்குதிறன்தான், வலிமை அவ்வளவாக ஏறாது. மேலும், எதிராளிக்கு மார்பை முழுதாகக் காட்டியபடி தாழ்ந்த குதிரை நிலையில் நின்று யாரும் சண்டையிடுவதில்லை. அது கடந்து செல்லும் நிலை. ஹுங் காவில் அது, முன்கால் மடங்கிப் பின்கால் நீண்ட வில் நிலையாகத் திரும்பும்போதுதான் குத்து பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. புலியை அடக்கும் குத்து என்று பெயர் பெற்ற ஹுங் காவின் அடிப்படை வரிசையில், தொடக்கப் பகுதி முழுதும் குதிரை நிலையில் நின்றபடி முன்கைகளை மெதுவாக, இறுக்கத்தோடு, மூச்சோடு சேர்த்துத் தள்ளும் பயிற்சி. காலும் கையும் மூச்சும் அங்கே ஒன்றாக வேலை செய்கின்றன. பல கூடங்கள் அதிலிருந்து காலை மட்டும் பிய்த்தெடுத்து, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரம் எண்ணச் சொல்கின்றன. தாமதமாக வந்தவரை, பேசிக்கொண்டிருந்தவரைக் குதிரை நிலையில் நிற்க வைக்கும் கூடங்களும் இருக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு கலையின் அடித்தளத்தைத் தண்டனையாக்கினால், சிறுவர்கள் அதை வாழ்நாள் முழுதும் தண்டனையாகவே நினைவில் வைத்திருப்பார்கள்.

விங் சுன் நிலை

ஆட்டைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்தாற்போல் நிற்பதாகச் சொல்லப்படும் இந்த நிலை உயரமானது, குறுகியது. விரல்கள் உள்நோக்கி, முழங்கால்கள் நெருங்கி, இடுப்பெலும்பு முன்னோக்கிச் சற்றே சுருண்டு, எடை இரு காலிலும் சமமாக இருக்கும். விங் சுன்னின் முதல் வரிசையான சியூ நிம் தாவ் முழுவதையும் ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் இதே நிலையில் நின்று செய்கிறார்கள். கால் திருப்புவதும் அடியெடுத்து வைப்பதும் இரண்டாம் வரிசையில்தான் வருகின்றன.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நிற்கும் நேரம் தனியாக, கைப்பயிற்சி நேரம் தனியாக என்று பிரிக்க வேண்டியதில்லை. 1950இல் ஹாங்காங்கில் உணவக ஊழியர் சங்கத்தில் யிப் மான் கற்பிக்கத் தொடங்கியபோது, உழைத்துக் களைத்த தொழிலாளர்களுக்குத்தான் கற்பித்தார். நேரமும் இடமும் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த முறை பொருந்துவதில் வியப்பில்லை. படுக்கையறை மூலையில்கூடச் செய்யலாம்.

கால் வலிமை என்று பார்த்தால் இது அதிகம் தராது. முழங்கால்களை உள்ளிழுப்பதை இடுப்பு மூட்டிலிருந்து திருப்பிச் செய்யாமல், முழங்காலை மட்டும் முறுக்கிச் செய்பவர்களுக்கு மூட்டின் உள்பக்கத்தில் வலி வரும். புதியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். விங் சுன்னின் கைமுறைகளோடு பின்னிப் பிணைந்த நிலை என்பதால், அந்த மரபுக்கு வெளியே இதைத் தனியாக எடுத்துப் பயில்வதில் பயன் குறைவு. விங் சுன் கற்பவருக்கு இதைவிட வேறு தேர்வு தேவையில்லை. மற்றவர்கள் இதைத் தேடிப் போகவும் வேண்டாம்.

சான்டி

ஹெபெய் மாகாணத்து ஷிங்யி ஆசிரியர்கள் எல்லாவற்றுக்கும் முன் வைத்தது சான்டி நிலையை. எல்லா முறைகளும் சான்டியிலிருந்தே பிறக்கின்றன என்பது அவர்களிடையே வழங்கிய சொல். ஷிங்யி, பாகுவா, தைச்சி மூன்றையும் கற்று, மூன்றைப் பற்றியும் எழுதிய சுன் லுதாங் 1915இல் வெளியிட்ட ஷிங்யி நூலிலும் இதுவே அடித்தளமாக நிற்கிறது.

நிற்கும் விதம் இது. முன்பாதம் நேராக, பின்பாதம் ஏறத்தாழ 45 டிகிரி வெளியே திரும்பியிருக்கும். இரு முழங்கால்களும் மடங்கியிருக்கும், ஆனால் குதிரை நிலையளவு தாழ்வில்லை. எடையில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு பின்காலில். முன்கை தோள் உயரத்தில் நீண்டு, முழங்கை தொங்கி, உள்ளங்கை முன்னோக்கி இருக்கும். பின்கை தொப்புளருகே. பார்வை முன்கையின் ஆட்காட்டி விரலைக் கடந்து செல்லும். உச்சந்தலை மேல்நோக்கி, தோள்கள் கீழ்நோக்கி.

நான் இதை முதலிடத்தில் வைப்பதற்கு முதற்காரணம், நிற்கும் உடலும் சண்டையிடும் உடலும் இங்கே ஒன்றே. ஷிங்யியின் முதல் அடியான பீ, அதாவது கோடரிபோல் பிளக்கும் அடி, முடியும்போது உடல் இருப்பது சான்டியில்தான். அடுத்த அடி தொடங்குவதும் அங்கிருந்தே. நின்று பெற்ற ஒவ்வொரு திருத்தமும் அன்றே அடியில் தெரியும். குதிரை நிலையில் ஆறு மாதம் நின்றவர், அந்த வலிமையை வேறொரு வடிவத்துக்கு மாற்ற இன்னும் சில மாதங்கள் உழைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது இலேசும் உறுதியும். எடை பின்காலில் இருப்பதால் முன்கால் எப்போதும் விடுபட்டிருக்கிறது. முன்னே போக வேண்டுமானால் எடையை முதலில் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை, பின்கால் தள்ளினால் போதும். ச்சீ ஜிகுவாங் கேட்ட இரண்டையும் ஒரே நிலைக்குள் இவ்வளவு நேரடியாகத் தருவது வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

தனியாகப் பயில்பவருக்கு மிக முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நிலையைத் தனக்குத்தானே சோதித்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் நின்றபின், உடலைச் சாய்க்காமல் முன்பாதத்தை ஒரு விரற்கடை உயர்த்திப் பாருங்கள். உயர்த்துவதற்கு முன் தலை பின்னால் சாய்ந்தால், எடை சொன்ன இடத்தில் இல்லை என்று பொருள். இடுப்பு ஒருபக்கம் வழுக்கினால் பின்காலின் பக்கவாட்டுத் தசை இன்னும் தயாராகவில்லை. வலப்பக்கம் சரியாக வந்து இடப்பக்கம் தடுமாறினால், எங்கே கூடுதல் நேரம் தேவை என்பது தெரிந்துவிடும். துணைக்கு ஒருவர் இருந்தால், நீட்டிய உள்ளங்கையை உங்களை நோக்கி மெல்ல அழுத்தச் சொல்லலாம். அழுத்தம் பின்குதிகாலில் உணரப்பட்டால் வழி திறந்திருக்கிறது. தோளிலோ கீழ்முதுகிலோ தேங்கினால் கசிவு அங்கே இருக்கிறது.

குறைகளும் உண்டு. பின்கால் முழங்கால் உள்ளே விழுவது மிகவும் எளிது, கண்ணாடி இல்லாமல் அதைக் கவனிப்பது கடினம். இடுப்பின் நெகிழ்வை இது வளர்ப்பதில்லை. உயர உதைகளும் தாழ்ந்த சுழற்சிகளும் நிறைந்த வட சீன முறைகளைக் கற்பவருக்கு இது மட்டும் போதாது. பார்ப்பதற்கும் ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. பத்து வயதுச் சிறுவனைச் சான்டியில் ஐந்து நிமிடம் நிற்க வைக்க முயல்வது வீண்வேலை, அவனுக்குக் குதிரை நிலையில் போட்டி வைத்தால்தான் உற்சாகம் வரும்.

மரம்போல் நிற்பது

ஜான் ஜுவாங் என்ற நிற்கும் பயிற்சியைத் தன் முறையின் மையமாக்கியவர் வாங் ஷியாங்ஜாய் (1885–1963). ஷிங்யியிலிருந்து வந்தவர். மனப்பாடம் செய்த வரிசைகளை ஒதுக்கிவிட்டு, யீச்சுவான் என்ற தன் முறையை நிற்பதிலிருந்தே கட்டியெழுப்பினார். பாதங்கள் தோளகலத்தில், முழங்கால்கள் சற்றே தளர்ந்து, கைகள் பெரிய பந்தொன்றை மார்பருகே அணைத்ததுபோல் இருக்கும். இருபது நிமிடம், அதற்கு மேலும் நிற்கலாம். தொடை எரியாது, ஆனால் தோளில் எத்தனை காலமாக இறுக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தோம் என்பது புரியும்.

உடலைத் தளர்த்தக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். கணினி முன் நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கு, முதுகும் கழுத்தும் தம் இடத்துக்குத் திரும்ப இது உதவும். ஆனால் யீச்சுவானில் நிற்பது முதற்படிதான். நலத்துக்கான நிலைக்குப் பிறகு போருக்கான நிலை வருகிறது. அது சான்டியைப் போல ஒரு கால் முன்வைத்தது. பிறகு மெதுவான அசைவில் விசையைச் சோதிப்பது, தரையைத் தேய்த்தாற்போல் அடியெடுப்பது, கைகோத்துத் தள்ளுவது, இறுதியில் நேரடி மோதல். முதற்படியை மட்டும் எடுத்துக்கொண்டு, "நின்றாலே சக்தி வரும்" என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மோதலைச் சந்திக்காத நிற்றல் உடல்நலம் தரலாம், குங்ஃபூவாக மாறாது.

ஐந்து நிலைகளும் அசைவும்

நவீன ஊஷுவின் ஐந்து நிலை வரிசையான ஊபுச்சுவான், வில், குதிரை, அமர்வு, தாழ்வு, வெற்று என ஐந்து நிலைகளையும் ஒரே கோவையாக்குகிறது. வில் நிலையில் குத்து, அங்கிருந்து உதையோடு ஒரு குத்து, குதிரை நிலைக்குத் திரும்பித் தடுத்துக் குத்து, கால்களைப் பின்னி அமர்ந்து ஒரு குத்து, முழங்காலை உயர்த்தி ஒரு காலை நீட்டித் தரையோடு தாழ்ந்து உள்ளங்கையைச் செலுத்துதல், எழுந்து, எடையைப் பின்காலில் வைத்து முன்கால் நுனியால் மட்டும் தரையைத் தொடும் வெற்று நிலையில் முடித்தல். முழுதும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

சான்டி தராத இடுப்பு நெகிழ்வையும் தாழ்ந்த கோணங்களையும் இது தருகிறது. நிலைகளுக்கு நடுவிலான வழியைப் பழக்குகிறது என்பதுதான் இதன் உண்மையான மதிப்பு. வில்லிலிருந்து குதிரைக்கு மாறும்போது தலை மேலெழுந்து இறங்குகிறதா என்று பாருங்கள். எழுந்தால் கால் சோர்ந்து குறுக்குவழி தேடுகிறது என்று பொருள். அந்த ஒரு தவறைத் திருத்துவதே பல வாரப் பயிற்சி.

கெடுவது வேகத்தால். இசைக்கு ஏற்ப ஆடுவதுபோல் செய்துமுடிப்பவர்களுக்கு ஒரு நிலைகூட முழுமையாக அமைவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் மூன்று மூச்சு நின்று கடந்தால் இந்தக் குறை போய்விடும். அப்படிச் செய்யும்போது ஒரு நிமிட வரிசை நான்கு நிமிடமாகும், வியர்வையும் வேறு மாதிரி வரும்.

ஸ்குவாட் போதாதா?

கால் வலிமை மட்டுமே நோக்கம் என்றால் பாரத்தோடு செய்யும் ஸ்குவாட்தான் சிறந்தது, இதில் தயங்க ஒன்றுமில்லை. பாரத்தைப் படிப்படியாகக் கூட்டலாம், முழு அசைவெல்லையிலும் வலிமை வரும். நிற்பதால் அது முடியாது. குத்தும் உதையும் வீழ்த்தலும் கலந்த சீனப் போட்டிச் சண்டையான சான்டாவின் வீரர்கள் தாழ்ந்த நிலைகளில் நீண்ட நேரம் நிற்பதைவிட, உயர்ந்த, நகரும் நிலையிலிருந்தே தொடங்கி நன்றாகவே சண்டையிடுகிறார்கள். போட்டி மட்டுமே இலக்கு என்றால் அந்த வழியே நேர்வழி.

ஆனால் ஸ்குவாட் ஒருபோதும் கேட்காத கேள்விகள் சில உண்டு. தொடை நடுங்கும்போது மூச்சு எங்கே இருக்கிறது? கை நீண்டிருக்கும்போது பின்குதிகால் தரையில் இருக்கிறதா? எடை ஒரே காலில் இருக்கும்போது இடுப்பு சாய்கிறதா? இவற்றுக்கு நிலைப் பயிற்சியில்தான் பதில் கிடைக்கும். இரண்டையும் செய்ய நேரம் உள்ளவர் இரண்டையும் செய்யட்டும், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

யாருக்கு எது

20 முதல் 45 வயது, வேலைக்குப் போகிறவர், வாரத்தில் ஓரிரு நாள் வகுப்பு, மற்ற நாள்களில் வீட்டில் அரைமணி: சான்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிடத்தில் தொடங்கி, உடலமைப்பு குலையாத அளவுக்கே நேரத்தைக் கூட்டுங்கள். நின்றபின் உடனே பீ அடியை முன்னும் பின்னும் பத்து நிமிடம். மீதி நேரத்தில் ஐந்து நிலை வரிசையை மெதுவாகச் செய்யலாம். குதிரை நிலையை முப்பது வினாடி, நாற்பது வினாடிகளாகப் பிரித்துச் சில முறை செய்தால் போதும்.

15 முதல் 20 வயது, தினமும் ஆசிரியரின் கண்பார்வையில் பயில்கிறவர்: குதிரை நிலையே முதலில். தாழ்ந்து இறங்குங்கள், ஆனால் கைமுறையோடு சேர்த்து. இந்த வயதில் கிடைக்கும் இடுப்பும் தொடையும் பின்னாளில் எளிதில் கிடைக்காது.

ஐம்பதைக் கடந்தவர், முழங்கால் வலி உள்ளவர்: ஜான் ஜுவாங்கில் தொடங்கி, வலி இல்லாத உயரத்தில் சான்டிக்கு வாருங்கள். வயதில் மூத்தவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 270 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2023இல் வெளியான பகுப்பாய்வில், ஓய்வுநிலை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில், சுவரில் சாய்ந்து அமர்ந்தாற்போல் நிற்பது போன்ற அசைவற்ற பயிற்சிகள் மற்ற எல்லாவகை உடற்பயிற்சிகளையும்விட முன்னணியில் இருந்தன. சராசரிக் குறைவு மேலெண்ணில் சுமார் 8, கீழெண்ணில் சுமார் 4. அத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகச் செய்வது இரண்டு நிமிட நிற்றல் நான்கு முறை, நடுவே ஓய்வு, வாரத்தில் மூன்று நாள். மணிக்கணக்கில் நிற்க வேண்டிய தேவை அங்கே இல்லை. ஆனால் நிற்கும் நேரத்தில் அழுத்தம் தற்காலிகமாக ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரிடம் கேட்காமல் தாழ்ந்த நிலைகளைத் தொடக்கூடாது.

எந்தப் பள்ளியில் சேர்வது என்று இன்னும் முடிவு செய்யாதவர், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை அமர்ந்து பார்த்துவிட்டு ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்கலாம்: "மாணவர்கள் நின்ற இந்த நிலையிலிருந்து அடுத்து என்ன வருகிறது, காட்டுவீர்களா?" அவர் அதே நிலைக்குள் இறங்கி, அங்கிருந்து ஓர் அடியோ ஒரு தள்ளலோ செய்து காட்டி, உங்கள் கையைத் தன் இடுப்பில் வைத்து விசை எங்கே போகிறது என்று உணரவும் விட்டால், அங்கே எந்த நிலை கற்பித்தாலும் சேருங்கள். என் சான்டி பரிந்துரையைக்கூட அப்போது ஒதுக்கி வைத்துவிடலாம். "நின்றுகொண்டே இருங்கள், ஒருநாள் புரியும்" என்பது மட்டுமே பதிலானால் வேறு பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.